சுற்றுகிறது, சூடு இல்லை

கோத்தகிரிக்கு மேலே ஒரு சரிவில் தெய்வானையம்மாவின் மடம் இருந்தது. மடம் என்பது பெயருக்குத்தான். அங்கே பூசை குறைவு, துணி துவைப்பது அதிகம். வைத்துப் பார்க்க ஆளில்லாமல் கொண்டுவந்து விடப்பட்ட படுக்கை நோயாளிகளை அங்கே பார்த்துக்கொண்டார்கள். சீடராகச் சேர வந்தவர்களுக்கு அம்மா மந்திரம் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. "ஆளை எழுப்பாமப் படுக்கை விரிப்பு மாத்தத் தெரியுமா?" என்றுதான் கேட்பார். பாதிப்பேர் அந்தக் கேள்வியிலேயே மலையிறங்கிவிடுவார்கள்.

அந்த மலையில் ஐப்பசி மழை பிடித்தால் லேசில் விடாது. கொடியில் போட்ட துணி காய்வதற்குப் பதில் நாற்றம் பிடிக்கும். இந்த அவதியைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் துணி காயவைக்கும் பெரிய டிரையர் ஒன்று வாங்கித் தந்திருந்தார். அந்த வருஷ மழையில் அதுவும் காலை வாரிவிட்டது. சுற்றியது. சத்தமும் போட்டது. சூடு மட்டும் வரவில்லை.

மடத்தில் யாரும் பதறவில்லை. நாச்சிமுத்து இருக்கும்போது என்ன கவலை?

நாச்சிமுத்து அறுபதைத் தாண்டிய சீடர். தெய்வானையம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. இவர் அவரை "அம்மா" என்பார், அவர் இவரை "அண்ணா" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று பிடிபடக் கொஞ்ச நேரமாகும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் காலமெல்லாம் டிரையர்களைப் பழுது பார்த்தவர் நாச்சிமுத்து. மனைவி காலமான பிறகு, வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்தவர்.

"இது நமக்குப் பழகின கழுதைதானுங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள ஓட வச்சுப்போடறேன்," என்றார் அம்மாவிடம்.

"ஓடத்தான் செய்யுதே அண்ணா," என்றார் அம்மா.

"காய வச்சுப்போடறேன்னு வச்சுக்கங்க."

துணி துவைக்கும் மாதி அங்கேயே ஈரக்கூடையோடு நின்றாள். அவளிடம் நாச்சிமுத்து முதலில் கேட்டது ஒன்றுதான்.

"எப்பலிருந்து சூடு வரலை?"

எந்த மெஷின் முன்னால் நின்றாலும் ஸ்குரூடிரைவரைத் தொடுவதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வி அது.

"நேத்திலிருந்து சுத்தமா இல்லீங்க," என்றாள் மாதி. "அதுக்கு முந்தியே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஒருதரம் போட்டா காயுற போர்வை, ரெண்டுதரம் போட்டாத்தான் காஞ்சுச்சு."

"அது மழை ஈரம்."

"மழைக்கு முந்தியே அப்படித்தானுங்க."

நாச்சிமுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கரண்ட் மூன்று ஃபேஸ் கம்பியிலும் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. ஒரு ஃபேஸ் போனாலும் மோட்டார் சுற்றும், சூடு வராது; அந்த ஏமாற்று வேலை அவருக்கு அத்துப்படி. பஞ்சு சேருகிற சல்லடையை இழுத்துப் பார்த்தார். மாதி சுத்தமாகத்தான் வைத்திருந்தாள். பின்பக்கத் தகட்டைக் கழற்றி ஹீட்டர் காயிலில் மீட்டரை வைத்தார். அறுந்திருக்கவில்லை. தெர்மோஸ்டாட்டும் நன்றாகவே இருந்தது. கடைசியில் விரல்நுனி அளவிலிருந்த வெள்ளை ஃபியூஸில் வைத்தபோது மீட்டர் ஊமையாக இருந்தது.

"பாத்துக்கோ மாதி. இத்துனூண்டு சாமான் இத்தனை பேரைக் குளிர வச்சிருக்குது."

பெட்டியில் புது ஃபியூஸ் இருந்தது. மாட்டினார். டிரம் சுற்றத் தொடங்கிய சற்று நேரத்தில் கண்ணாடிக் கதவு சுட்டது. மாதி இரு கைகளையும் அதில் வைத்துக்கொண்டு சிரித்தாள். முதலில் காய்ந்த விரிப்பை அம்மாவே வந்து எடுத்துக்கொண்டு போனார். முதுகெல்லாம் புண்ணாகிக் கிடந்த ஆறுச்சாமிக்கு விரித்து, அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார். அன்றைக்கு நாச்சிமுத்து வராந்தாவில் நடந்த நடையைப் பார்த்தவர்கள், ஏதோ தேர்தலில் ஜெயித்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள்.

மாலையில் அம்மாவும் அவரும் எதிரெதிரே நின்று விரிப்பு மடித்தார்கள்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளுங்கண்ணா."

"நாளைக்கு எம்பொண்ணு சுகந்தி வர்றா. கனடாவுல வேலை கெடைச்சிருக்குதாம். இனி அங்கயேதான் இருந்துக்குவா போல. ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கு முந்தி பாத்துட்டுப் போறேன்னா."

"நல்லதுதானே?"

"நல்லதுதானுங்க. எதுலயும் அவ கொறை வச்சதில்ல. வாரம் தவறாம போன் பண்றா. மாத்திரை வாங்கி அனுப்பறா. அவங்கம்மா படுத்திருந்தப்ப லீவு போட்டு வந்து கூடவே இருந்து பாத்தா. புள்ளைன்னா இப்படி இருக்கோணும்னு ஊரே சொல்லும்."

"சரி."

"ஆனா பக்கத்துல வந்து உக்காந்தா குளிருதுங்கம்மா."

அம்மா விரிப்பின் முனையைப் பிடித்தபடி நின்றார்.

"சின்னதுல அப்படி இருந்ததில்லீங்க. பட்டறையிலிருந்து நான் வந்தா, சாய வேட்டியோடயே மேல வந்து உழுவா. இப்ப பேசறா, சிரிக்கறா, சோறு போடறா. எல்லாம் நடக்குது. அவதான் அதுல இல்ல. ஏனுங்கம்மா இப்படி ஆனா? நான் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லீங்க."

"அந்த டிரையர் முன்னால நின்னு மாதிகிட்ட முதல்ல என்ன கேட்டீங்க?"

"எப்பலிருந்துன்னு கேட்டனுங்க."

"பொண்ணுகிட்ட கேட்டிருக்கீங்களா?"

நாச்சிமுத்து கையிலிருந்த விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"நாளைக்குக் கேளுங்க," என்றார் அம்மா.

விடிந்தபோது டிரையர் மறுபடி சில்லிட்டிருந்தது. பார்த்தால் புது ஃபியூஸும் போயிருந்தது. மட்டச் சரக்கு என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே, பெட்டியில் மிச்சமிருந்த கடைசி ஃபியூஸை மாட்டினார். சூடு வந்தது. தகட்டை மூடிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது.

சுகந்தி குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பையிலிருந்து ஸ்வெட்டர், காதுவரை மூடும் குல்லா, பிரஷர் மாத்திரை, முழங்கால் தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள்.

"காலையில சாப்பிடறது வெள்ளை டப்பாவுல இருக்குதுங்கப்பா. ராத்திரிக்கு நீலம். தீரப் போகுதுன்னா மடத்து அம்மாகிட்ட சொன்னாப் போதும், கடைக்காரரே அனுப்பிடுவாரு."

"சரி கண்ணு."

"ரொம்ப நேரம் இருக்க முடியாதுங்கப்பா. வழியெல்லாம் மழை."

சொல்லிவிட்டுச் சும்மா நிற்காமல், கூடையில் கிடந்த விரிப்புகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். வாயால் பேசியது கொஞ்சம், கையால் செய்தது நிறைய. நாச்சிமுத்துவுக்கு இன்றைக்கு விட்டால் இனி எப்போது என்று நினைத்தபோது பயமாகவே இருந்தது. கேட்டுவிட்டார்.

"கண்ணு, நீ எங்கிட்ட எப்பலிருந்து இப்படி ஆயிட்ட?"

சுகந்தியின் கை நின்றது. எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவரையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கதவைத் திறந்து பார்க்கிறவளைப் போலப் பார்த்தாள்.

"அந்த ஆடி ஞாபகம் இருக்குங்களாப்பா?" என்றாள். "கல்யாணம் ஆகி மொத ஆடிக்குக் கூட்டிட்டு வந்தீங்களே. திரும்பிப் போறதுக்கு முந்தின நாள், ஆட்டாங்கல்லுக்குப் பக்கத்துல உக்காந்து நான்..."

அவள் கண் நிறைந்தது.

நாச்சிமுத்துவுக்கு இந்த ஒன்று மட்டும் தாங்காது. யார் அழுதாலும் தாங்காது. பட்டறையில் எவனாவது கண்ணைக் கசக்கினால்கூட டீ வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டி, வேறு பேச்சுக்கு இழுத்துப்போய்விடுவார். அவ்வளவு நல்ல மனுஷன். இது மகள், அதுவும் கடல் தாண்டிப் போகிற நாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்குக் கண்ணு?" என்று எழுந்துபோய் அவள் தலையைத் தடவினார். "போற நேரத்துல பழசை நெனச்சு மனசைக் கெடுத்துக்காத. நடந்ததெல்லாம் நடந்து போச்சு. இனி எல்லாம் நல்லதாத்தான் நடக்கும், பாரு."

சுகந்தி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்கப்பா," என்றாள்.

மிச்ச விரிப்புகளையும் மடித்து, முனையோடு முனை சேர்த்து அடுக்கினாள். தெய்வானையம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, அப்பாவுக்கு எந்த மாத்திரை எப்போது என்பதை அவரிடமும் ஒருமுறை சொன்னாள். காரில் ஏறும்போது, "ஸ்வெட்டரைப் போட்டுக்குங்கப்பா, பொட்டியில வச்சிராதீங்க," என்றாள். கார் வளைவில் திரும்பும்வரை நாச்சிமுத்து கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

மதியம் அம்மா கேட்டார்.

"கேட்டீங்களா அண்ணா?"

"கேட்டனுங்கம்மா. என்னமோ சொல்ல வந்தா. அழுதுருவா போல இருந்துச்சு. நல்லவேளை, அழ விடாம சமாளிச்சு அனுப்பிச்சுட்டனுங்க."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நாச்சிமுத்து காத்திருந்தார். அதற்குள் மாதி வந்து நின்றாள்.

"மறுபடியும் சூடு போயிருச்சுங்க."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டியைக் கொட்டித் தேடினார். ஃபியூஸ் இல்லை. மழையில் கோயமுத்தூர் போய் வாங்கிவர முடியாது. ஆறுச்சாமியின் விரிப்பு மறுபடி நனைந்திருந்தது.

"டைரக்ட் கொடுத்துப்போடறேன்," என்றார்.

"டைரக்ட்னா?" என்று கேட்டார் அம்மா.

"ஃபியூஸையே எடுத்துப்போட்டு வயரை நேரா முறுக்கி உட்டர்றதுங்க. பட்டறையில அவசரத்துக்குச் செய்யறதுதான். இந்தக் கெட்டுப்போன சாமானோட மாரடிக்க முடியாதுங்க."

"அந்த ஃபியூஸை எதுக்கு வச்சாங்க?"

"உள்ள சூடு மிஞ்சிப்போச்சுன்னா அது அந்துரும். தீப்புடிக்காம இருக்கறதுக்கு."

"மூணும் எதுக்கு அந்துச்சு?"

"சூடு மிஞ்சித்தானுங்க..." சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அப்ப எது கெட்டுப்போச்சு அண்ணா?"

நாச்சிமுத்து டிரையரைப் பார்த்தபடி நின்றார். ஐந்து நிமிஷத்தில் அவர் பட்டறைப் பையனுக்குச் சொல்லித் தரும் பாடம் இது. காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் சூடு உள்ளேயே தேங்கும். ஒருதரம் காய்வது இரண்டுதரம் ஆகும். பிறகு ஃபியூஸ் அறுந்துபோகும். மாதி இதை நேற்றே சொன்னாள்.

"காத்து வெளிய போற குழாயெல்லாம் பாத்துட்டீங்களா?"

"உள்பக்கம் பாத்துட்டனுங்க. வெளிய செவுத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் பாக்கல. அங்க ஒண்ணும் இருக்காதுங்க. அது நானே பாத்துச் செஞ்ச எடம்."

அம்மா பின்சுவரைப் பார்த்தார். நாச்சிமுத்து தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கட்டடத்தின் பின்புறம் சரிவு. புல்லெல்லாம் வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய், டிரையரின் காற்று வெளியே வரும் குழாயின் வாய்க்கு எதிரே நின்றார்.

கோடையில் அந்தக் குழாய்க்குள் ஒரு குருவி புகுந்து, சூட்டில் செத்துக் கிடந்தது. எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மடம் அது. அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நாச்சிமுத்துதான் பழைய கொசுவலை ஒன்றைக் கிழித்து, இரண்டாக மடித்துக் குழாயின் வாயில் இறுக்கிக் கட்டினார். இனி ஒரு உயிரும் உள்ளே போகாது. எல்லோரும் அவரை மெச்சினார்கள். தெய்வானையம்மாவே கைகூப்பினார்.

இப்போது அந்த வலை கண்ணுக்கே தெரியவில்லை. துணிகளிலிருந்து பறந்துவந்த பஞ்செல்லாம் அதில் படிந்து, ஈரத்தில் ஊறி, பழைய மெத்தையைப் போல உப்பிக் கிடந்தது. கட்டை அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் பிய்த்து எடுத்தார். உள்ளே மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அடைந்து கிடந்த காற்று குப்பென்று அவர் முகத்தில் அடித்தது.

தொழில் தெரிந்த எவனும் அந்தக் குழாய்க்கு வலை கட்டமாட்டான். நாச்சிமுத்துவுக்குத் தொழில் தெரியும். இரக்கம் வந்தபோது தொழில் மறந்துபோயிருந்தது.

மழையில் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டாங்கல் ஞாபகம் வந்தது. அந்த ஆடியில் சுகந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அவரு என்னைய..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்ன என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. "புதுசுல அப்படித்தான் கண்ணு இருக்கும், போகப் போகச் சரியாயிரும்," என்று சொல்லி, அவளுக்குப் பிடித்த தேங்காய் பன்னு வாங்கிக் கொடுத்து, மறுநாள் அவரே பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் விட்டுவந்தார். வழியெல்லாம் வேடிக்கை பேசி அவளைச் சிரிக்க வைத்தார். அடுத்தமுறை வந்தபோது அவள் ஆரம்பிக்கவே இல்லை. பல வருஷம் கழித்து அவளுக்கு விவாகரத்து ஆன சேதி, ஒரு கல்யாண வீட்டில் யாரோ விசாரித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அப்போதும் அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

இன்றைக்கு அவராகக் கேட்டார். அவளும் வாயைத் திறந்தாள். அவர் போய்த் தலையைத் தடவினார்.

எழுந்து உள்ளே வந்தபோது வேட்டியெல்லாம் சேறு. தெய்வானையம்மா டிரையர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து கையிலிருந்ததை அவர் காலடியில் போட்டார்.

அம்மா அதைப் பார்த்தார்.

"இதுக்கு நானும்தான் கும்பிட்டேன்," என்றார் மெதுவாக.

"நான் கட்டினதுங்கம்மா. இந்த வலையை மட்டும் சொல்லலீங்க. எம்பொண்ணு வாயை அடைச்சதும் நான்தானுங்க." சுவரில் சாய்ந்துகொண்டு, வயசுக்குப் பொருந்தாமல் தேம்பினார். அம்மா அவரை அழவிட்டார். தண்ணீர் கொடுக்கவில்லை, தோளைத் தட்டவில்லை. பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற மாதியும் போகாமல் நின்றாள்.

அழுகை ஓய்ந்ததும் நாச்சிமுத்து மணியைப் பார்த்தார்.

"இன்னும் பிளேன் ஏறியிருக்க மாட்டாளுங்க. போன் பண்ணட்டுங்களா?"

"பண்ணி?"

"எம்மேலதான் தப்புன்னு சொல்றேன். மன்னிச்சுக்க கண்ணுன்னு கேக்கறேன். எனக்கு நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்குதுங்கம்மா."

"கேட்டா அவ என்ன சொல்லுவா?"

நாச்சிமுத்து போனைக் கையில் எடுத்தார். மகளின் பெயர் திரையில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். அவள் குரல் அவருக்குக் காதிலேயே கேட்டது.

"'ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா, நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க'ன்னு சொல்லுவாளுங்க."

அம்மா சொன்னார்.

"அவ கொண்டுவந்த துக்கத்தைக் கேட்டு வாங்கிக்காம அனுப்பிட்டீங்க. இப்ப உங்க துக்கத்தையும் சேத்து அவகிட்டயே கொடுத்தனுப்பப் போறீங்களா அண்ணா?"